ரொக்கியா துடுப்புப் பிடித்தாள்

“அனானுக்கு ரெண்டு கண்ணும் ஒட்டிக்கிச்சு,” என்றார் சமான். “கண்வலி. இந்த நெலமையில அவன் வழி காட்டினா எல்லாரும் மலேசியாவுலதான் கரையேறணும்.”

படகுத்துறையில் உட்கார்ந்து சட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த ரொக்கியா நிமிர்ந்தாள்.

“அப்போ பயணம் இல்லையாண்ணே?”

“வர்ற மூணு பேர்கிட்டயும் நேத்து சாயங்காலமே போன்ல சொல்லிப் பார்த்தேன். வேண்டாம்னா கேக்கல. பாங்காக்லேருந்து பஸ் ஏறி வந்தும் சேர்ந்துட்டாங்க. நீ கூட்டிட்டுப் போ.”

“நானா? நான் சமையல்காரிண்ணே!”

“பதினோரு வருஷமா அந்தத் தீவுக்கெல்லாம் போய்ட்டு வர்றியே?”

“சட்டியோட போனேன். ஆளுங்களோட போகலையே!”

“ரெண்டு நாளைக்குச் சட்டிய மற. இனிமே நீ வழிகாட்டி. அந்த நெனப்போட நட,” என்று சொல்லிவிட்டு, சமான் ரப்பர் கயாக்குக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். எதையும் முழுசாகச் சொல்லி முடித்ததாக அவர்மேல் யாருக்கும் புகார் இருந்ததில்லை.

ரொக்கியாவுக்குப் பயம் பாதி, ஆசை பாதி. போன மழைக்காலத்தில் அவள் அனானிடம், “எனக்கும் வழிகாட்ட சொல்லித் தாயேன்” என்று கேட்டிருந்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “கரண்டி பிடிக்கிற கைக்குத் துடுப்பு எதுக்குக்கா? மீனைக் கொதிக்க வைக்கிறவளுக்குக் கடலோட என்ன பேச்சு?” என்றான். அந்தச் சிரிப்பு அவள் காதில் இன்னும் கிடந்தது. இந்த மூன்று பேரும் அவளை மெச்சிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டால் போதும், அனான் கண்ணைத் திறக்கும்போது உலகம் மாறியிருக்கும்.

சமையல்காரி என்று மட்டும் அவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பாதி வழியிலேயே ‘ஐயோ, கரையில விடு’ என்று கத்துவார்கள். முக்காட்டை இறுக்கிக் கட்டி, அனானின் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

வந்தவர்கள் மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். விலாவன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, மூச்சு விடாமல் பேசுகிறவர். அவர் கணவர் பிரயூன், ரயில்வேயில் இருந்தவர், வயிறு பெரிசு, பேச்சு சின்னது. விலாவனின் தங்கை நுச்சரி, ஒல்லியான மருந்துக்கடைக்காரம்மா, சர்க்கரை வியாதிக்காரர்.

“நீங்கதான் ரொக்கியாவா!” என்று விலாவன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீங்களே வர்றீங்கன்னு கேட்டதும் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?”

பிரயூன் வாயைத் திறந்தார். “அம்மா, இன்னிக்கு மத்தியானம்…”

விலாவன் அவர் இடுப்பில் கிள்ளினார். “சும்மா இருங்க. வந்ததும் வராததுமா!”

ரொக்கியாவுக்குச் சுருக்கென்றது. இந்த மனிதருக்கு ஏதோ சந்தேகம்.

இரண்டு கயாக்குகள். ஒன்றில் அக்காவும் தங்கையும். மற்றதில் முன்னால் பிரயூன், பின்னால் ரொக்கியா. நடுவில் கூடாரம், அரிசி, நூடுல்ஸ் பொட்டலங்கள். அடியில் பழக்க தோஷத்தால் அவள் எடுத்துவைத்த ஒரு தகர டப்பா. மஞ்சள், காய்ந்த மிளகாய், பூண்டு, கூனிக்கருவாடு எல்லாம் சேர்த்து அம்மியில் அரைத்த குழம்பு விழுது. அது இல்லாமல் அவள் கடலில் கால் வைத்ததே இல்லை.

கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. பச்சைத் தலையும் வெள்ளைக் கழுத்துமாகச் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. பிரயூன் எதையும் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கி மோந்துகொண்டே வந்தார்.

“என்னமோ வாசம் வருதே தங்கச்சி.”

“சேத்து வாசம்ணே. கடல் வத்துற நேரம்.”

“கூனிக்கருவாடு மாதிரி இருக்கே.”

ரொக்கியா டப்பாவைக் காலால் கூடாரத் துணிக்கு அடியில் தள்ளினாள். “அதுவா? தூண்டில் இரைண்ணே! மீனுக்கு வச்சிருக்கேன்.”

பிரயூன் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “மீனுக்கா?”

“மீனுக்குத்தான்.”

சொன்ன பொய்யைக் காப்பாற்றியாக வேண்டுமே. முதல் தீவின் மணலில் இறங்கியதும் நுச்சரியே தூண்டிலைப் பற்றிக் கேட்டுவிட்டார். “அந்த இரையில மீன் பிடிக்கலாமா தங்கச்சி? பிடிச்சா… அப்புறம் பார்த்துக்கலாம்.” ரொக்கியா பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். வாசம் கரையெல்லாம் பரவியது. மூன்று பேரும் டப்பாவுக்குக் கிட்டே வந்து நின்றார்கள். தன் கையால் இரண்டு மணி நேரம் அரைத்த விழுதை உருண்டை உருண்டையாக உருட்டி அவள் கொக்கியில் குத்தினாள்.

மீன்களுக்கு ருசி தெரிந்தது. பத்து நிமிஷத்துக்குள் ஒரு கை நீளக் கலவாமீன் மாட்டியது. பின்னாலேயே இன்னொன்று.

மீனைக் கண்டதும் அவள் கை அவளைக் கேட்கவில்லை. கத்தி எடுத்தாள். செதில் பறந்தது, செவுள் போனது, முள் தனியாக, சதை தனியாக வந்து விழுந்தது.

“அடேயப்பா!” விலாவன் கைதட்டினார். “இந்தக் கத்திய எங்க பழகினீங்க தங்கச்சி?”

ரொக்கியாவின் கை அப்படியே நின்றது. “எங்கேயும் இல்லக்கா! இது… தெரியாம வந்திருச்சு.” அடுத்த மீனை வேண்டுமென்றே கோணல்மாணலாக வெட்டி, விரலை வெட்டிக்கொள்ளப் பார்த்து, பாதி மீனைக் கடலுக்குள் நழுவ விட்டாள். பிறகு மிச்சத்தை உப்புக்கூடப் போடாமல் நெருப்பில் போட்டுக் கரியாக்கினாள்.

“சமையல் எனக்குச் சுத்தமா வராதுக்கா,” என்றாள், கரித்துண்டுகளை நீட்டிக்கொண்டே.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அடக்கம்,” என்று நுச்சரி அக்காவின் காதில் சொன்னது ரொக்கியாவுக்கும் கேட்டது. எதற்கு அடக்கம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

பிரயூன் ஒரு துண்டை வாயில் வைத்தார். அவர் கண்ணில் நீர் கோத்தது.

“புகைண்ணே. காத்து இந்தப் பக்கம் அடிக்குது,” என்றாள் ரொக்கியா.

“புகைதான்மா,” என்றார் அவர்.

சாயங்காலம் அவள் கூடாரம் அடித்தாள், நன்றாகவே அடித்தாள். அலை எதுவரை ஏறும் என்று மணலில் கோடு கிழித்துக் காட்டினாள், அலை அந்தக் கோட்டை நக்கிவிட்டுத் திரும்பியது. இருவாச்சிப் பறவை ஜோடி ஒன்று பாறைக்குப் பாறை தாவுவதைக் காட்டினாள். விலாவன் ‘ஆஹா’ என்றார். எல்லாம் சரியாகத்தான் போனது, சோறு வடிக்கும் நேரம் வரும்வரை.

நல்ல சோறு வடித்தால் மாட்டிக்கொள்வோம். அதனால் அடியில் கருக விட்டாள். கருகியதில் மேலே குழைந்தது. குழைந்ததைச் சரிசெய்வதுபோல நூடுல்ஸ் பொட்டலம் இரண்டைப் பிரித்து அதிலேயே கொட்டினாள். பதினோரு வருஷத்தில் அவள் செய்த முதல் பாவம் அது. சாயங்காலத் தொழுகையில் அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டாள்.

“உங்க ஊர்ல அந்தப் புளிக்குழம்பு ரொம்பப் பிரசித்தம்னு சொல்வாங்களே தங்கச்சி,” என்று விலாவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “மஞ்சளா, குடம்புளி போட்டு, அன்னாசித் துண்டு மிதக்க…”

ஆழம் பார்க்கிறார்! ரொக்கியா உஷாரானாள்.

“எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. குடம்புளின்னா என்ன?”

பிரயூனின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. நுச்சரி இரண்டு வாய் விழுங்கிவிட்டு, “எனக்குப் பசியே இல்ல” என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

நம்பிவிட்டார்கள் என்று ரொக்கியா நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் அந்த நிம்மதியைக் கெடுக்க ஒரு மோட்டார் படகு வந்து சேர்ந்தது. நண்டு வலை எடுத்துவிட்டுப் போன ஹுசின், அவளுக்குத் தூரத்துச் சொந்தம். இன்ஜின் சத்தத்தை மிஞ்சிக் கத்தினான்.

“ஏ ரொக்கியா! சட்டியைப் போட்டுட்டுத் துடுப்பைத் தூக்கிட்டியா? இன்னிக்கு என்ன குழம்பு?”

மணலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த மூன்று தலைகளும் சட்டென்று நிமிர்ந்தன. ஆறு கண்களும் பளபளத்தன.

“ஆமா, என்ன குழம்பு?” என்றார் பிரயூன். விலாவன் கிள்ள மறந்துவிட்டார்.

“அவனுக்கு வெயில் மண்டையில ஏறிப்போச்சுண்ணே! யாரைப் பார்த்தாலும் குழம்பு கேப்பான்!” ரொக்கியா விசிலை எடுத்துப் பலமாக ஊதினாள். “கிளம்புங்க, கிளம்புங்க! எந்தக் கம்பெனிக்காரனும் காட்டாத ஒரு அறைக்குக் கூட்டிட்டுப் போறேன். இப்பவே!”

“காலைச் சாப்பாடு?” என்று நுச்சரி மெல்லக் கேட்டார். “நான் மாத்திரை போட்டுட்டேன்.”

“அரை மணியில வந்துருவோம்க்கா. வந்து சாப்பிடலாம்.”

அறை என்பது பாறைத் தீவின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் குளம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பாறைதான். தண்ணீர் மட்டத்தில் ஒரு தாழ்ந்த பொந்து இருக்கும், கடல் ஏற்றம் வருமுன் குனிந்து நுழைய வேண்டும். சின்னப் பெண்ணாக இருந்தபோது ரொக்கியா அங்கே சிப்பி கொத்தப் போயிருக்கிறாள். அனான்கூட அந்தப் பக்கம் போவதில்லை.

இருட்டுக்குள் நுழைந்து வெளிச்சத்தில் வந்ததும் மூன்று பேரும் துடுப்பை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். சுற்றிலும் நெட்டுக்குத்தாகப் பாறைச் சுவர், மேலே வட்டமாக வானம், நடுவில் அலையாத்தி மரங்கள், வேரில் தாவித் தாவி ஓடும் சேற்று மீன்கள். விலாவன்கூட ஒரு நிமிஷம் முழுதாகப் பேசவில்லை.

அப்புறம் ஆசிரியை விழித்துக்கொண்டார். “இந்தப் பாறையெல்லாம் எப்படி வந்துச்சு தங்கச்சி?”

ரொக்கியாவுக்கு அது தெரியாது. ஆனால் வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். “மழைதான்க்கா. கரைச்சுக் கரைச்சு…”

“எத்தனை வருஷமா?”

“நெறைய வருஷமா.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி மழை வேற இடத்துல பெஞ்சுக்கிட்டிருந்துச்சு.”

சமாளிக்கப் போய்ப் பேச்சு வளர்ந்தது. நண்டின் ஒற்றைக் கொடுக்கைப் பற்றி, மரம் உப்பைத் துப்பும் விதத்தைப் பற்றி, தெரிந்தது பாதி தெரியாதது பாதியாக அவள் பேசிக்கொண்டே போனாள். திரும்பிப் பார்த்தபோது அலையாத்தி வேர்களைக் காணவில்லை. தண்ணீர் ஏறியிருந்தது. நேற்று பௌர்ணமி என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பௌர்ணமி ஏற்றம் நடந்து வராது, ஓடி வரும்.

பொந்தின் கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

“மத்தியானத்துக்கு மேல தண்ணி வத்தும். அதுவரைக்கும் இங்கேயே இருக்கலாம்,” என்றாள்.

“தங்கச்சி,” என்றார் விலாவன். அவர் குரலில் இப்போது ஆசிரியை இல்லை. “இவளைப் பாருங்க.”

நுச்சரியின் நெற்றி முழுக்க வியர்வை. கை வெடவெடவென்று நடுங்கியது. “சர்க்கரை இறங்குது,” என்றார் அவரே, மருந்துக்கடைக்காரம்மாவின் நிதானத்தோடு. “மாத்திரை வேலை செய்யுது. உள்ளதான் ஒண்ணும் இல்ல. பை கரையில இருக்கு.”

ரொக்கியா தன் கயாக்கை அவர்கள் பக்கம் தள்ளினாள். நேற்று இரவு இந்த அம்மாள் இரண்டு வாய்தான் சாப்பிட்டார். சாப்பிட விடாமல் செய்தது யார்? கருக விட்ட கை யாருடையது? மீனைக் கடலில் போட்டது யார்?

அழுவதற்கு நேரம் இல்லை. அவள் பொந்தைப் பார்த்தாள். தண்ணீர் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. ஏறும்போது கூரையைத் தொட்டது. இறங்கும்போது முக்கால் முழம் இடம் விட்டது.

“இப்பவே வெளிய போறோம்,” என்றாள். “நான் சொல்றதை மட்டும் செய்யணும். யாரும் ஏன்னு கேக்கக் கூடாது.”

இரண்டு கயாக்குகளின் காற்றுத் திருகையும் திறந்தாள். உஸ்ஸென்று காற்றுப் போனது. ரப்பர் தளர்ந்து தண்ணீரோடு தாழ்ந்தது.

“ஐயோ, முழுகிரும்!” என்றார் விலாவன்.

“முழுகாதுக்கா. தாழ்ந்தாத்தான் நுழையும். பாதிக் காத்துதான் விடுறேன். எல்லாரும் செருப்பைக் கழட்டிக் கையில மாட்டுங்க. கூரை பூராச் சிப்பி, வெறுங்கை பட்டாப் பிளேடு மாதிரி கிழிச்சிரும். மல்லாந்து படுத்து, செருப்பால கூரையத் தள்ளிக்கிட்டே போகணும்.”

அக்காவையும் தங்கையையும் படுக்கவைத்து, அந்தக் கயாக்கைத் தன்னுடையதோடு கயிற்றால் கட்டினாள். பிரயூனின் வயிறு மட்டும் பாறைபோல் மேலே நின்றது.

“வயித்தை உள்ள இழுங்கண்ணே!”

“உள்ள ஒண்ணும் இல்லம்மா, இழுக்குறதுக்கு!”

“அப்போ மூச்சையாவது இழுங்க!”

பொந்தின் வாயில் வந்து நிறுத்தினாள். தண்ணீர் பொங்கியது, கூரையில் மோதியது, நுரைத்தது.

“இன்னும் இல்ல… பால் மாதிரிதான் இது. பொங்கும்போது கிட்டப் போகக் கூடாது. அடங்கும் பாருங்க, அப்பத்தான்…” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நுரை அடங்கியது. “இப்ப! தள்ளுங்க!”

இருட்டு. முகத்துக்கு இரண்டு விரல் மேலே பாறை. செருப்புகள் சிப்பியில் உரசும் கரகர சத்தம். நடுவழியில் அலை மறுபடி ஏறியது. “மூக்கைப் பொத்துங்க!” என்று அவள் கத்திய வேகத்தில் உப்புத் தண்ணீர் எல்லோர் மேலும் வழிந்தது. கூரையில் தொங்கிய கல்முனை ஒன்று அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்தது. முக்காடு போனால் போகட்டும் என்று அவள் தலையை உருவிக்கொண்டு தள்ளினாள். பின்னால் விலாவன் வாய்ப்பாடு சொல்வதுபோலச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். நுச்சரியின் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்றுதான் ரொக்கியா காதைத் தீட்டினாள். பலவீனமாக, ஆனால் விடாமல், கேட்டது. அலை அடங்கியது. தள்ளு. அடுத்தது. தள்ளு!

வெயில் பளீரென்று முகத்தில் அறைந்தது.

வெளியே ஹுசினின் படகு நின்றது. பாறைக்குள் போன கயாக்குகள் திரும்பாததைப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துப்போய் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

“உசிரோடதான் இருக்கியா! இந்த ஏத்தத்துல அதுக்குள்ளேருந்து எவனும் வெளிய வந்ததில்லடீ!”

“பேச்சு அப்புறம். இனிப்பா என்ன வச்சிருக்க?”

அவன் சர்க்கரை போட்ட காப்பி பாட்டிலை நீட்டினான், கூடவே ஒரு துண்டையும். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நுச்சரியின் தலையைத் தன் மடியில் வைத்து அவளே மடக்கு மடக்காகப் புகட்டினாள். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. நுச்சரி எழுந்து உட்கார்ந்து, “காப்பி அருமை” என்றார். விலாவன் விம்மி விம்மி அழுதார், அழுகைக்கு நடுவே சிரித்தார், பிறகு ரொக்கியாவைக் கட்டிப்பிடித்து அவர்கள் ஊர் முத்தமாக இரண்டு கன்னத்தையும் மோந்தார்.

“நாப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்திருக்கேன். இப்படி ஒரு தைரியத்தை நான் பார்த்ததில்ல!”

ஹுசின் அதற்குள் போனில் சமானைப் பிடித்துவிட்டான். “அண்ணே, அந்த அனானை அப்படியே கண்ணை மூடிக்கிட்டே இருக்கச் சொல்லு! இனி இந்தக் கடலுக்கு ஒரே வழிகாட்டி, எங்க ரொக்கியாதான்!”

கரைக்கு வந்து மணலில் கால் வைத்தபோது ரொக்கியாவுக்குத் தன் உயரம் ஒரு ஜாண் கூடியதுபோல இருந்தது. உடம்பெல்லாம் சிராய்ப்பு. தோளில் உப்பு. கடலைத் திரும்பிப் பார்த்தாள். கடலும் அவளோடு பேசத் தயாராக இருப்பதுபோலத்தான் பட்டது. இனி யாருக்கு எதை மறைக்க வேண்டும்? உயிரைக் கையில் பிடித்து வெளியே கொண்டுவந்தவளிடம் யார் என்ன கேட்டுவிட முடியும்?

மூவரையும் வரிசையாக உட்காரவைத்து, அவர்கள் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“அக்கா, அண்ணே, உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். என்னால அந்தப் பொய்யைச் சுமக்க முடியல. அந்தப் பொய்யாலதான் நுச்சரி அக்கா உசிருக்கே ஆபத்து வந்துச்சு. நான் வழிகாட்டி இல்ல. வழிகாட்டி கண்வலியில படுத்திருக்கான். நான் சமையல்காரி. பதினோரு வருஷமா வெறும் சமையல்காரி. திட்டுறதுன்னா திட்டுங்க.”

யாரும் திட்டவில்லை. விலாவன் நுச்சரியைப் பார்த்தார். நுச்சரி பிரயூனைப் பார்த்தார். பிரயூன் தன் மனைவியின் விரல்களுக்கு எட்டாத தூரத்துக்கு மெல்ல நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

“அது பாங்காக்ல பஸ் ஏறும்போதே தெரியும்மா, ‘வழிகாட்டி வராட்டிப் போகட்டும், புளிக்குழம்புக்குப் பேர்போன ரொக்கியா வருவாங்களா?’ன்னு சமான்கிட்டக் கேட்டுட்டுத்தானே கிளம்பினோம், கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு நேத்துலேருந்து காத்துக்கிட்டிருக்கோம்… எப்பம்மா சமைப்பீங்க?”